வேலிகாத்தான் புதருக்குள் ஒரு 'ச்சக்': புதுச்சேரி, கடலூர் பக்கம் வலசைக் கதிர்க்குருவிகள்

செப்டம்பர் பாதி கடந்ததும் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து வேலிகளில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்துகொள்ளும். வேலிகாத்தான் புதரின் உள்ளிருந்து 'ச்சக்', சற்று இடைவெளி, மறுபடி 'ச்சக்'. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று எடுத்தால் அதே சத்தம் வரும். ஏரியில் நாமத்தலை வாத்தும் பூநாரையும் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் புதரைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே இருப்பது பிளித்ஸ் ரீட் வார்ப்ளர் என்னும் கதிர்க்குருவி. பின்லாந்து தொடங்கி சைபீரியா, மத்திய ஆசியா வரை கூடு கட்டும் இந்தப் பறவை, ஐரோப்பாவின் மற்றப் பல கதிர்க்குருவிகளைப் போல ஆப்பிரிக்காவுக்குப் போவதில்லை. குளிர்காலத்துக்கு நம் பக்கம்தான் வருகிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்.

படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதிர்க்குருவி பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளே சலித்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே மண் நிறம், அல்லது ஒரே மங்கிய பச்சை. கூடு கட்டும் நாடுகளில் ஆண் பறவை மேல்கிளையில் நின்று பாடும். பாட்டை வைத்தே பெயர் சொல்லிவிடலாம். இங்கே வந்தபின் பாட்டு அநேகமாக நின்றுபோகிறது. மிஞ்சுவது ஒற்றைச் சொல்லாக ஒரு அழைப்பொலி, அது ஒளியும் செடி, அது நகரும் விதம், இந்த மூன்றும்தான். நிறம் நான்காவது. இந்த வரிசையை மாற்றினால் குழப்பம் தீராது.

இனி, பறவை பார்ப்பவர்கள் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துகிறோம். செயலிகளில் தேடவும் அதுதான் வசதி.

முதலில் பிளித்ஸ் ரீட் வார்ப்ளரை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுக்க வேறு எதுவும் வேண்டாம். மற்றதெல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் புரியும். பெயரில் 'ரீட்', அதாவது நாணல், இருந்தாலும் தண்ணீர்க்கரையில் மட்டும் தேடாதீர்கள். உண்ணிச்செடி, வேலிகாத்தான், மூங்கில் கொத்து, வீட்டுக் கொல்லையின் செம்பருத்தி, மருதாணி வேலி, எதுவும் போதும். இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம் வரை அதன் புழக்கம். மேல்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு, அடிப்பக்கம் வெளிர். அலகு நீளம், நெற்றி சரிந்து அலகோடு ஒரே கோடாக ஓடும். கண்ணுக்கு மேல் உள்ள வெளிர் புருவம் கண்ணுக்கு முன்னால்தான் தெரியும், பின்னால் நீளாது. சிறகின் நுனி வாலடியைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். உணர்ச்சிவசப்பட்டால் 'ச்சக்'கோடு 'ட்ர்ர்ர்' என்று ஒரு உறுமலும் சேரும்.

குளிர்காலத்திலும் இது தனக்கென்று ஒரு எல்லை பிடித்து வைத்துக்கொள்ளும். இதுதான் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. அக்டோபரில் ஒரு வேலியில் கேட்டுவிட்டால் ஜனவரியிலும் அதே இருபது முப்பது அடிக்குள் கேட்க வாய்ப்பு அதிகம். ஆகவே புதுப்புது இடம் தேடி அலைவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலியைத் தேர்ந்து வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் நிற்பது அதிகம் கற்றுத்தரும்.

பேடிஃபீல்டு வார்ப்ளர் வேறு. பறவையியலாளர் ஜெர்டன் 1845ல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பறவை இது. நெல்வயல், கோரை, சம்பு, இவற்றை விட்டு அதிகம் விலகாது. புருவம் கண்ணுக்குப் பின்னாலும் நீண்டு அகலும். அதன் மேல்விளிம்பில் மெல்லிய கருங்கோடு இருக்கும். அலகு பிளித்ஸைவிடக் குட்டை, கீழ் அலகின் நுனி கறுப்பு. முதுகின் கீழ்ப்பகுதியில் செம்மை. பாகூர் பக்கம் சம்பாப் பயிர் நிற்கும்வரை வரப்போரம் தேடலாம். பொங்கலை ஒட்டி அறுவடை தொடங்கிவிட்டால் வயலில் நின்று பயனில்லை. வாய்க்கால் ஓரத்துச் சம்பும் கோரையும் எங்கே மிச்சம் என்று பாருங்கள். வரப்போரம் கேட்ட ஒவ்வொரு 'ச்சக்'கையும் பேடிஃபீல்டு என்று எழுதிவிடக் கூடாது. வரப்பில் ஒரே ஒரு வேலிகாத்தான் செடி இருந்தாலும் பிளித்ஸ் அதில் வந்து குடியிருக்கும். புருவத்தைக் கண்ணுக்குப் பின்னால் தெளிவாகப் பார்த்தால் மட்டுமே எழுதுங்கள்.

கிளாமரஸ் ரீட் வார்ப்ளரில் குழப்பமே இல்லை. கிட்டத்தட்டக் கொண்டைக்குருவி அளவு. ஏரியின் சம்புப் புதரிலும், நீர் விளிம்பில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கிலும் இருக்கும். 'கர்ர்ரா, கர்ர்ரா, கரீட்' என்று கரகரத்த குரல் கரையிலிருந்தே கேட்கும். குளிர்காலத்திலும் வாய் மூடாத கதிர்க்குருவி இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

பூட்டட் வார்ப்ளரும் சைக்ஸ் வார்ப்ளரும் தலைவலி. இரண்டும் முட்செடியை விரும்பும், இரண்டும் வெளிறிய மண் நிறம், அழைப்பொலியும் பிளித்ஸைவிட மெலிந்த, வறண்ட 'ச்செக்'. பூட்டட் சிறியது, தலை உருண்டை, அலகு குட்டை. இலைக் கதிர்க்குருவிபோலத் துருதுருவென்று கிளை நுனிவரை வரும், சில சமயம் தரையிலும் இறங்கும். சைக்ஸின் அலகும் வாலும் சற்று நீளம், புருவத்துக்கு மேல் கருங்கோடு இருக்காது, மொத்தத்தில் இன்னும் வெளிறல். வாய்ப்பாடு மாதிரி சொல்லிவிடலாம். களத்தில் பாதிப் பறவைகள் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். படம் எடுத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் முழுத் தீர்வல்ல. வெயிலில் கொஞ்சம் அதிக ஒளியோடு எடுத்த பூட்டட் படம் சைக்ஸ் மாதிரியே வெளிறித் தெரியும். அலகின் நீளம் பறவை முகத்தைத் திருப்பும் கோணத்தைப் பொறுத்து மாறும். சரியான பக்கவாட்டுப் படம் குறைந்தது மூன்று இல்லாமல் சைக்ஸ் என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது மரத்து ஆட்களான இலைக் கதிர்க்குருவிகள். கிரீனிஷ் வார்ப்ளர் நம் ஊர்ப் புளியமரம், வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரம் எல்லாவற்றிலும் உண்டு. எட்டு கிராம் எடைதான். மேல்பக்கம் மங்கிய பச்சை, நீண்ட வெளிர்மஞ்சள் புருவம், சிறகில் ஒரு மெல்லிய வெண்கோடு. அந்தக் கோடு இறகு தேயத் தேய மறைந்துபோகும். அது இல்லை என்பதால் இது கிரீனிஷ் இல்லை என்றாகாது. குரல்தான் அடையாளம்: இரண்டு அசை ஒன்றோடொன்று ஒட்டிய 'ச்சி-ஸ்வீ'. மூன்று அசையாக 'ச்சி-ரி-வீ' என்று தெளிவாகக் கேட்டால் கிரீன் வார்ப்ளர். அது காக்கேசியப் பக்கத்திலிருந்து வந்து பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் தங்குவது, சமவெளியில் கேட்டால் கட்டாயம் ஒலிப்பதிவு வேண்டும். சீட்டியடித்ததுபோல் சுத்தமாக இரண்டு சுரம், இரண்டாவது மேலே ஏறி 'டிர்-டீ' என்றால் லார்ஜ்-பில்டு லீஃப் வார்ப்ளர். இமயமலையில் கூடு கட்டும் அது, அடர்ந்த நிழல் உள்ள காட்டுத் துண்டுகளையே நாடும்.

கிரீனிஷும் எல்லை பிடிக்கும். களக்காடு முண்டந்துறையில் 1990களில் ஆய்வாளர்கள் இதைத்தான் கவனித்தார்கள்: ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனி இடம், நாள்தோறும் குரல் கொடுத்துக் காவல். அதனால் ஒரு புளியமரத்தில் ஒன்று கேட்டால் அடுத்த மரத்துக்காரர் பதில் கொடுப்பார். இரண்டு பக்கமும் காது கொடுத்தால் எத்தனை பறவை என்று கணக்கும் எடுத்துவிடலாம். நாற்கரச் சாலை வேலையில் பழைய சாலைப் புளியமரங்கள் நிறையப் போய்விட்டன. இப்போது அந்த வரிசைகள் மிச்சமிருப்பது உள்ளூர்ச் சாலைகளில்தான், அங்கே போங்கள்.

ஏமாற்றுகிறவர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். தையல்சிட்டு எச்சரிக்கும்போது அடுக்கடுக்காக வேகமாகக் கத்தும். பிளித்ஸ் ஒருபோதும் அந்த வேகத்துக்குப் போகாது. வால் செங்குத்தாக நின்றால், நெற்றி துருநிறமாக இருந்தால் தையல்சிட்டுதான். சாம்பல் கதிர்க்குருவி பறந்து தாவும்போது மின்பொறி தெறித்ததுபோல 'டிக்-டிக்' என்று இறக்கை ஒலி கேட்கும். மரத்தின் மேல் பச்சைமஞ்சளாகத் தெரிவது பல சமயம் பெண் மாம்பழச்சிட்டு. சிறகில் இரண்டு தடித்த வெண்பட்டை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். உதித்து அரை மணி கழித்துத்தான் கதிர்க்குருவிகள் வெயில் விழும் பக்கத்துக்கு வரும். ஏழு முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம். பிறகு சத்தம் குறையும், நண்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் இலை அசைவில் பறவை அசைவு தெரியாது. மாலை நாலரைக்கு மேல் இன்னொரு சுற்று உண்டு. ஆனால் காலைப் பனியில் ஒரு தந்திரம் இருக்கிறது: நனைந்த வால் ஒட்டிக்கொண்டு மெலிந்து தெரியும், இறகு கருத்துத் தெரியும். ஏழு மணிக்குப் பார்த்த உருவத்தை எட்டு மணிக்கு மறுபடி பார்த்துச் சரிபாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து, ஒரு காலை வெளுத்தால், வேலையை ஒத்திவைத்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டினி கிடந்த பறவைகள் அன்று ஒளிவதை மறந்து மேயும். புயல் வேறு விஷயம். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூர், புதுச்சேரிக்கு இடையில் கரை கடந்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரியைத் தண்ணீரில் மூழ்கடித்தது. அப்படிப்பட்ட வருடங்களில் மேல்கிளைப் பறவையை வழக்கமான தோப்பில் காணவில்லை என்றால், ஊருக்குள் தப்பி நிற்கும் மரங்களில் தேடிப் பாருங்கள்.

நிற்கும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். சூரியனை முதுகுக்கு வைத்து, புதரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நில்லுங்கள். மேலே சொன்ன நாக்குச் சத்தத்தைப் பறவையிடம் காட்ட வேண்டாம். கூட வருபவருக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் போதும். சத்தம் வந்த இடத்தில் முதல் திறந்த குச்சியைத் தேர்ந்து, பைனாகுலரை அதில் முன்கூட்டியே குவியம் செய்துவிட்டுக் கையை இறக்குங்கள். பறவை ஒரே திசையில் செடியின் உள்வழியாகத்தான் நகரும். 'ச்சக்' இடமிருந்து வலமாக நகர்ந்தால், அடுத்த இடைவெளி எங்கே என்று பார்த்து அங்கே காத்திருங்கள். இலை அசைந்ததும் கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணை இறக்கி பைனாகுலரைத் தேடினால் பறவை போய்விடும். பதினைந்து நிமிடம் ஒரே புதர். அதற்குள் புதரைச் சுற்றி வந்து 'கிளப்பி'ப் பார்க்கிறவர்கள் காண்பது வாலை மட்டும்தான்.

இந்த வேலைக்கு 10x42ஐவிட 8x42 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது) நல்லது. பார்வைப் பரப்பு அகலம், கை நடுக்கம் குறைவாகத் தெரியும். கடையில் வாங்கும்போது இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள எழுத்துக்குக் குவியம் வருகிறதா என்று பாருங்கள். ஐந்து மீட்டருக்குக் கீழ் வராத கருவி வாத்து பார்க்க ஆகும், வேலிப் பறவைக்கு ஆகாது. கேமராவில் வெண்மேகப் பின்னணியில் மரத்துப் பறவையை எடுக்கும்போது ஒளியளவை ஒரு ஸ்டாப் (+1) கூட்டிவையுங்கள், இல்லாவிட்டால் கரிய நிழல்தான் மிஞ்சும். இலைநிழலில் எடுத்த படத்தில் பச்சைச் சாயல் ஏறும். பிளித்ஸ்கூடக் கிரீனிஷ் மாதிரி தோன்றும். பக்கத்தில் உள்ள மரப்பட்டையின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

படத்தைவிட ஒலிப்பதிவுக்கு மதிப்பு அதிகம். கைப்பேசியே போதும். பதிவுச் செயலியின் அமைப்பில் வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியின் அடிப்பக்க மைக்கைப் புதரின் பக்கம் திருப்பி, அசையாமல், பேசாமல் அரை நிமிடம். ஆடை உரசல்கூடப் பதிவைக் கெடுக்கும். மெர்லின் செயலி பாட்டுக்கு நன்றாகப் பெயர் சொல்லும். ஒற்றை 'ச்சக்'குக்கு அது சொல்வதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் வாரம் இரண்டு ஒலி வீதம் சேனோ-கேன்டோ தளத்தில் கேட்டுக்கொண்டு போனால், செயலியின் தேவையே பாதி குறையும். அந்தப் பதிவுகளைக் களத்தில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். எல்லை காக்கும் பறவைக்கு அது எதிரி வந்ததாகவே படும்; மேய வேண்டிய காலை நேரம் சண்டையில் போகும்.

இடங்கள். ஊசுட்டேரியில் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பங்குண்டு. கரையோரப் புதர்களில் பிளித்ஸ், நீர்விளிம்பில் கிளாமரஸ். கழுவேலிக்கு 2024ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தபின் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லோரும் திறந்த நீரைப் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்து முட்செடிகளைப் பாருங்கள், பூட்டட் கிடைக்க நல்ல இடம் அது. கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, கடலூர் பக்கம் திருமாணிக்குழிக் காடு, இவை இந்தக் கடற்கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள். லார்ஜ்-பில்டு தேட வேண்டியது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் குடும்பங்கள் வருவார்கள், வாரநாள் காலை உத்தமம். செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று பூசாரியைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நகருக்குள் இருக்கிறவர்களுக்குப் புதுச்சேரி தாவரவியல் பூங்காவின் பெரிய மரங்களே கிரீனிஷ் படிக்கப் போதும். பிச்சாவரம் அழகுதான். ஆனால் படகில் ஆடிக்கொண்டே சுரபுன்னைக்குள் பத்து கிராம் பறவையைப் பார்ப்பது நடக்காத காரியம்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காடுகள் தை, மாசியில் பூக்கும்போது பூச்சி பெருகும், கதிர்க்குருவியும் கூடும். அதே சமயத்தில்தான் மருந்தும் அடிப்பார்கள். காட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே எப்போது தெளித்தீர்கள் என்றும் கேளுங்கள். தெளித்த வாரத்தில் பறவையும் இருக்காது, நமக்கும் நல்லதல்ல. சவுக்குத் தோப்பை நேரம் வீணாக்காமல் கடந்துவிடலாம்.

வேலிகாத்தான் முள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், தடித்த அடி உள்ள ஷூ வேண்டும். ஏரிக்கரைப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. கால் வைக்கும் இடம் தெரியாத புல்லுக்குள் பறவைக்காக இறங்காதீர்கள்.

பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் பதியும்போது எல்லாவற்றுக்கும் இனப்பெயர் வேண்டும் என்று கட்டாயமில்லை. 'பூட்டட்/சைக்ஸ்' என்று சேர்த்துப் பதியலாம், 'அக்ரோசெஃபாலஸ் இனம்' (பிளித்ஸ், பேடிஃபீல்டு, கிளாமரஸ் சேர்ந்த பேரினம்) என்றும், 'இலைக் கதிர்க்குருவி இனம்' என்றும் பதிய வசதி உண்டு. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது ஏரிப்பட்டியல்களில் வாத்து நிறைந்திருக்கும், கதிர்க்குருவி வரிசை காலியாக இருக்கும். பதினைந்து நிமிடம் ஒரு வேலியில் நின்று ஒரு தனிப்பட்டியல் போட்டாலே அந்தக் குறை தீரும். 1867ல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் பிடித்த ஒரே ஒரு மாதிரியால் அறியப்பட்ட லார்ஜ்-பில்டு ரீட் வார்ப்ளர், 2006ல் தாய்லாந்தில் வலையில் சிக்கும்வரை உயிரோடு யார் கண்ணிலும் உறுதியாகப் படவில்லை. பிளித்ஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கையில் பிடித்துச் சிறகை அளந்தால்தான் தெளியும். ஆகவே அலகு நீளமாகத் தெரிந்த ஒவ்வொரு பிளித்ஸையும் அந்தப் பெயரில் ஏற்றிவிடாதீர்கள்.

மார்ச் முதல் பிளித்ஸ் மெல்லிய குரலில் பாடிப் பழகத் தொடங்கும். புதருக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று முறை திருப்பிச் சொல்லி, நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் கலந்து பாடும். தையல்சிட்டின் குரல் பாதியில் அறுந்து 'ச்சக்'கில் முடிந்தால் நின்று பதிவு செய்யுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். மே மாதத்தில் இந்த வட்டாரத்தில் ஒரு பிளித்ஸைப் பதிந்தால் ஈபேர்ட் சரிபார்ப்பவர் விவரம் கேட்கக்கூடும். ஒலிப்பதிவை அன்றே பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.